முதல் தீட்டுக்கல்

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. சினிமா அந்த ஊர் அரிவாளைச் சண்டைக்காரர்கள் கையில் மட்டும் கொடுத்துவைத்திருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்தால் கண்ணில் படுவதோ தேங்காய் வெட்டுகிற அரிவாளும் அரிவாள்மனையும் கறிக்கடைக் கத்தியும்தான். வீட்டுக் கத்தியைத் தானே தீட்டப் பழகுகிறவர் எந்தக் கல்லில் தொடங்கலாம் என்று இரும்போடு பிழைக்கிறவரிடமே கேட்கப் போயிருந்தேன்.

பெரியவர் ஒருவர் லாரிப் பட்டையில் அடித்த கத்தியை மோட்டார் சாணையில் பிடித்துக்கொண்டிருந்தார். பொறி பறக்க இரண்டு இழுப்பு, உடனே தண்ணீரில் ஒரு முக்கு; மறுபடி இரண்டு இழுப்பு. "ஏன்யா இத்தனை தடவை முக்குறீங்க?" என்றேன். மூலையில் கிடந்த பழைய கத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். வாயோரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு. "நீலம் பூத்துருச்சு பாருங்க தம்பி. சூடேறி முறுக்குப் போயிருச்சு. இனி எம்புட்டுத் தீட்டுனாலும் அந்த எடம் நிக்காது."

கை பழகாதவர் மோட்டார் சாணைப் பக்கம் போகாமலிருக்க அந்தத் திட்டைப் பார்த்தால் போதும். கல்லில் கையால் தீட்டும்போது அவ்வளவு சூடு ஏறவே ஏறாது.

"வீட்டுக்குன்னா ரெட்டைக்கல்லு போதும், ஒரு பக்கம் கொரகொரன்னு, இன்னொரு பக்கம் நைஸா" என்றார். ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாம்பல் நிற கார்போரண்டம் கல்லைத்தான் சொல்கிறார். அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் மின் உலையில் உருவாக்கிய சிலிக்கன் கார்பைடுதான் அதன் சரக்கு. மணலும் கரியும் சேர்ந்து வெந்தது. அதனால்தான் விலை மலிவு.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். எண் ஏற ஏறக் கல் நைஸாகும். மழுங்கிய கத்திக்கு 400, அதற்குமேல் 1000 என்று இரண்டு பக்கம் உள்ள கல் கிடைத்தால் சமையலறைக்கு அது தாராளம். 6000, 8000 எல்லாம் மெருகுக்கு. தக்காளித் தோல் அதைக் கேட்பதில்லை. எண்ணைவிட நீளம் முக்கியம் என்பேன். 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம் இருந்தால் கத்தி முழு வீச்சில் போகும். விரல் நீளக் கற்கள் நாலைந்தை டப்பாவில் போட்டு 'செட்' என்று விற்பதை வாங்காதீர்கள். வாங்கும்போது ஸ்கேலை நிமிர்த்திக் கல்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி தெரிந்தால் வேறு கல் கேளுங்கள். நாளாவட்டத்தில் எந்தக் கல்லும் நடுவில் குழியும். கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

பெரியவர் ஈரத்துணியை மடித்து அதன்மேல் கல்லை வைத்தார், நழுவாமலிருக்க. தண்ணீர் தெளித்து, ஒரே சாய்வில் ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே போனார். (சாய்வு பிடிபடாதவர் காகிதத்தின் மூலையை இரண்டுமுறை மடித்தால் இருபத்திரண்டரை பாகை கிடைக்கும், அதைவிடக் கொஞ்சம் படுத்தால் சரி.) பிறகு என் கட்டைவிரலைப் பிடித்துக் கத்தியின் மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும்படி இழுத்தார். மயிரிழையாய் ஏதோ தட்டியது. "பிசிறு எந்திரிச்சிருச்சா? இது அடியிலேருந்து நுனிவரை வந்தாத்தான் திருப்பணும்." பழகுகிறவர்களில் பாதிப் பேர் இது வருமுன்னே திருப்பிவிட்டு, கல் சரியில்லை என்கிறார்கள். திருப்பித் தீட்டி, நைஸ் பக்கத்தில் கை அழுத்தாமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு இழுத்ததும் பிசிறு உதிர்ந்தது.

எண்ணெயா தண்ணீரா என்று கேட்டேன். எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளச் சொன்னார். எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் ஒட்டாது. சமையல் எண்ணெய் மட்டும் ஆகாது, பிசுக்கேறிக் கல் அடைத்துக்கொள்ளும்.

அரிவாள்மனைக்கு முறை வேறு: வளைந்த வாய் என்பதால் மனையைக் காலால் அழுத்திக்கொண்டு கல்லைத்தான் கையில் எடுத்து ஓட்ட வேண்டும். "அப்போ கருக்கரிவாளுக்கு?" என்றேன். சிரித்துவிட்டார். "அதுல பல்லுல்ல இருக்கு! கல்லை வச்சா உள்ளதும் போயிரும். அதுக்கு எங்கிட்டதான் வரணும்."