வால்வு செட்டின் கதகதப்பு

போன மாதம் சென்னையில் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஆண்டுதோறும் உதவுகிறவர். பேச்சு முடிந்ததும், "ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க மேடம்" என்று உள்ளறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். அதன் மேல் இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. விலையைச் சொன்னார். எங்கள் மையத்தின் மூன்று ஆண்டுச் செலவு அது.

"டிரான்சிஸ்டர் செட்ல இந்த வார்ம்த் வராது மேடம். இதுதான் ப்யூர் சவுண்ட்" என்றார்.

பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாடுகிறவர் எதிரில் உட்கார்ந்து மூச்சு விடுவது போலக் கேட்டது. ஆனால் அந்த "ப்யூர்" உறுத்தியது. தூய்மை என்ற சொல் எங்கே வந்தாலும் நின்று பார்ப்பது நம் பழக்கம்தானே. வீட்டுக்கு வந்து சில நாட்கள் தேடிப் படித்தேன்.

அவர் வைத்திருந்தது 300பி வால்வு. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-ல் கொண்டுவந்தது. சினிமா கொட்டகை ஆம்ப்ளிஃபையர்களில் வேலை செய்த வால்வு. ஒரு பக்கத்துக்கு ஒரே வால்வு என்று அமைத்தால் எட்டு வாட் அளவுக்குத்தான் சக்தி கிடைக்கும். அந்த வகை ஆம்ப்ளிஃபையர் உள்ளே போகும் ஒலியை அப்படியே வெளியே விடுவதில்லை. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைக் கொடுத்தால், கூடவே 880 ஹெர்ட்ஸையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பும். இரண்டாம் ஹார்மோனிக் என்பார்கள். அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காதுக்கு உறுத்தாது, குரலுக்குச் சதைப்பிடிப்பு கூடியது போலத் தோன்றும். சத்தத்தைக் கூட்டினால் இந்தக் கலப்பும் கூடும், நூற்றில் சில பங்கு வரை போகும். சாதாரணமான நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அது இதைவிட மிக மிகக் குறைவாகவே இருக்கும். தாங்கும் அளவைத் தாண்டினாலும் டிரான்சிஸ்டர் போல வெடுக்கென்று வெட்டாமல் வால்வு மெல்ல மழுங்கும். ஸ்பீக்கரின் மேல் பிடி தளர்வாக இருப்பதால் பேஸ் சற்று உருண்டு நிற்கும்.

பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டிஸ்டார்ஷன், அதாவது திரிபு. அவர் "ப்யூர்" என்று சொல்லி ரசித்தது கலப்பைத்தான்.

இந்தக் குணம் வால்வுக்கு மட்டுமே பிறப்பால் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றோடு தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டின் வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒப்புக்கொண்டு எழுதவும் செய்தார்கள்.

இதையெல்லாம் படித்தபோது பெரியப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் சேரியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். யாரோ கழித்துக்கட்டிய பழைய வால்வு செட் ஒன்று, இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. "இருங்கடா, சூடு ஏறட்டும்" என்பார். பக்கத்திலேயே பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் சூடு ஏறும்வரை நாங்கள் காத்திருப்போம். கதகதப்பு என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

ஓர் ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். செட்டு கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போலீஸ் வந்துவிட்டது. இரைச்சல் தாங்க முடியவில்லை என்று ஊரிலிருந்து புகார். செட்டை எடுத்துப் போனார்கள். அதே வாரம் ஊர்க்கோயில் திருவிழாவில் விடிய விடியக் குழாய் அலறியது. அதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. பெரியப்பா பலமுறை நடந்து செட்டை மீட்டு வந்தபோது இரண்டு வால்வு உடைந்திருந்தது. மாற்று வாங்கப் பணமில்லை. அதோடு அந்தத் தொழில் முடிந்தது.

ரசனை என்பது தனிமனிதரின் காதில் மட்டும் பிறப்பதில்லை, வர்க்கம் அதைப் பயிற்றுவிக்கிறது என்று பியர் பூர்தியு 1979-லேயே நூல் எழுதினார். எம்.ஏ.வில் படித்தோம். நம் நாட்டில் வர்க்கத்துக்கு முன்பே சாதி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒரே வால்வு, ஒரே திரிபு. லட்சங்களில் விற்கும்போது இனிமை. சேரித் தென்னை மரத்தில் கட்டும்போது இரைச்சல். பறை காலங்காலமாகக் கேட்டுவரும் வசை இது.

அந்த நண்பரின் ரசனையில் எனக்குப் பகை இல்லை. கலப்பு காதுக்கு இனிக்கிறது என்றால் இனிக்கட்டும். அதைத் தூய்மை என்று அழைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது அவரிடமே சொல்லப்போகிறேன். முடிந்தால் அந்தச் செட்டில் ஒரு பறைப் பதிவையும் போட்டுக் கேட்க வேண்டும்.