உட்புறத்தில் ஒரு பெயர்
எங்கள் கிட்டார் பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். சூளையில் சுட்ட ஸ்புரூஸ் பலகையில் முதன்முதலாக ஒலித்துளை வெட்டியபோது ஓரம் சிதறிவிட்டது. “பொம்பள கைக்கு இது சரிப்படாதும்மா” என்றார் மாஸ்டர்.

குற்றம் கையில் இல்லை. ஆக்சிஜன் குறைந்த சூளையில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் சுடும்போது மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. பலகை எடை குறைந்து பழுப்பேறுகிறது; ஈரக்காற்றில் முன்போல உப்புவதில்லை. ஆனால் எளிதில் நொறுங்கும். கத்தியை இன்னும் கூராக்கி, ஆழத்தைக் குறைத்து, பலமுறை சுற்றி வெட்டப் பழகினேன்.

இவ்வளவு பாடும் பழைய கிட்டாரின் ஒலிக்காகத்தான். அந்தப் பழையவற்றைச் செய்தவர்கள் யார்? இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் ஆலையில் கிட்டார் செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அன்றைய ‘பேனர்’ கிட்டார்களுக்கு இன்று பெரும் மதிப்பு. அவற்றைப் போலச் செய்ய மரத்தைச் சுட்டு வயதேற்றுகிறார்கள். ஒலி நினைவிருக்கிறது, ஜான் தாமஸ் தேடிப்போய்ப் புத்தகம் எழுதும்வரை அந்தப் பெண்களின் பெயர்கள் பரவலாகத் தெரியவில்லை.

இப்போது சுட்ட பலகைகளை மாஸ்டர் என்னிடமே தருகிறார். பெட்டியை மூடி ஒட்டுவதற்கு முன், பலகையின் உட்புறத்தில் பென்சிலால் என் பெயரை எழுதிவிடுகிறேன்.