‘கைவிடப்பட்ட’ நிலம்

நிறமாலையை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் பகுத்துப் பெயரிடுகிறது என்பது மொழியியல் மாணவர்க்குப் பழகிய பாடம். தொலையுணர்வைப் பயிலத் தொடங்கியபோது அதே பாடத்தை வேறொரு வாசல் வழியாக மீண்டும் கற்றேன்.

செயற்கைக்கோள் தருவது வெறும் ஒளிப்படம் அன்று, அளவீடு. நிலம் எதிரொளிக்கும் கதிர்வீச்சைப் பல பட்டைகளில் அளந்து, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எண்களாகப் பதிகிறது. 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ நான்கு பட்டைகளில் அளந்தது. இன்றைய சென்டினல்-2 அளப்பது 13 பட்டைகளில். அவற்றுள் நான்கில் படப்புள்ளியின் பக்கம் 10 மீட்டர். பசுந்தழை சிவப்பொளியை உறிஞ்சும். அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பியனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீட்டெண் கிடைக்கும்.

இதுவரை இயற்பியல். அவ்வெண்ணுக்குக் ‘காடு’ என்றோ ‘வயல்’ என்றோ பெயர் சூட்டும் கணத்தில் மொழி நுழைகிறது.

வடகிழக்கு மலைகளின் ஜூம் வேளாண்மையை எடுத்துக்கொள்வோம். சரிவை வெட்டி, மழைக்கு முன் எரித்து, ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டபின், காடு மீள்வதற்காகப் பல ஆண்டுகள் நிலத்தை விட்டுவைப்பார்கள். தேசியத் தொலையுணர்வு மையத்தின் பங்களிப்புடன் வெளியாகும் இந்தியப் பாழ்நில வரைபடத் தொகுப்பு இதனை ‘நடப்பு ஜூம்’, ‘கைவிடப்பட்ட ஜூம்’ என இரு வகையாக்குகிறது. இரண்டும் பாழ்நிலத்தின் உட்பிரிவுகளே. ‘கைவிடப்பட்ட’ என்னும் சொல், திரும்பி வருவோர் இல்லை என்பதை முன்னனுமானமாகச் சுமக்கிறது. உழவருக்கோ அது ஓய்வில் இருக்கும் நிலம். நம் ஊரில் ‘தரிசு போட்டிருக்கிறேன்’ என்பவர் நிலத்தைத் துறந்தவர் அல்லர். ஆனால் வரைபடத்தில் பாழ் என்று பதிவான நிலத்தை, வேறு பயன்பாட்டுக்குக் காத்திருக்கும் வெற்றிடமாகத் திட்டமிடுவோர் எளிதில் கருதிவிடலாம்.

ஒற்றை நாளின் படம் இவ்வேறுபாட்டைக் காட்டாது; காலத்தொடர் காட்டும். லேண்ட்சாட் வரிசை 1972இல் தொடங்கியது. அதன் படக்களஞ்சியம் 2008இல் அனைவர்க்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. ஒரே படப்புள்ளியைப் பல்லாண்டுகள் தொடர்ந்தால், எரிப்பின்போது குறியீட்டெண் சரிவதும், மெல்ல உயர்வதும், மீண்டும் சரிவதும் புலப்படும். தனிச்சொல்லின் பொருளைத் தொடர் தெளிவாக்குவது போன்றதே இது.

எனினும் சுழற்சியைக் காட்டும் எண் உரிமையாளரின் எண்ணத்தைக் காட்டாது. களச் சரிபார்ப்புக்குச் செல்வோர் ஆயத்தொலைவுகளோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்ல வேண்டும்: ‘இந்நிலத்தை உங்கள் மொழியில் எப்படி அழைப்பீர்கள்?’ அவ்விடைக்கு வரைபடத்தின் விளக்கப் பட்டியலில் ஒரு வரி இடம் போதும்.