பார்க்காமல் எழுதிய வெப்பநிலை

பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகமொன்றில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; திருநெல்வேலிக்காரன். அங்கே லாக் புக்கில் நான் எழுதிய இரவு நேர வெப்பநிலைகளில் பல, தெர்மாமீட்டரைப் பார்க்காமலே எழுதியவை.

எங்கள் ஆய்வகத்தில் படிகம் வளர்ப்பார்கள். பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பனங்கற்கண்டு விளைவிக்கிற மாதிரிதான் இதுவும். கேடிபி என்கிற பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைச் சூடான நீரில் தெவிட்டக் கரைத்து வடிகட்டுவார்கள். நைலான் நூலில் ஒரு விதைப் படிகத்தைக் கட்டி அதில் இறக்கி, பீக்கரை வெந்நீர்த் தொட்டியில் வைப்பார்கள். தொட்டியின் சூட்டை நாளொன்றுக்கு 0.1 அல்லது 0.2 டிகிரி குறைத்துவந்தால், கரைசலில் தங்க முடியாத உப்பு விதைமேல் ஏறிப் படியும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் இந்தப் படிகத்துக்குள் புகுந்து 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவரும். உள்ளே லேசான மங்கல் இருந்தாலும் படிகம் அதற்கு உதவாது.

சூடு சட்டென்று இறங்கினால் பீக்கரின் அடியில் வேண்டாத பொடிப் படிகங்கள் முளைத்துவிடும். அதனால்தான் மணிக்கொருமுறை வாசிப்பு. நைட் டியூட்டிக்குப் படியும் உண்டு. படியை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூம் பெஞ்சில் தூங்கினேன். படுக்கும் முன்பே, விடியும்வரைக்குமான எண்களை எழுதிவிடுவேன்.

2012ஆம் வருஷ மின்வெட்டை நம் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013 ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியது. நாங்களோ இன்வெர்ட்டரை நம்பியிருந்தோம். ஒருநாள் நடுராத்திரி கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, தொட்டி ஆறிவிட்டது. கரண்ட் திரும்பியதும் ஹீட்டர் அதைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. நான் எழுந்தபோது தெர்மாமீட்டர் காட்டியது என் லாக் புக்கோடு அப்படியே பொருந்தியது. பீக்கரின் அடியில் மட்டும் பொடிப் படிகங்கள்.

காலையில் வந்த ஆராய்ச்சி மாணவி கேட்டாள்: “அண்ணாச்சி, ராத்திரி கரண்ட் போச்சா?”

“போச்சும்மா. இன்வெர்ட்டர் தாங்கிட்டு.”

இதைச் சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடத் தடுமாறவில்லை. அவளும் அவளுடைய கைடும் லாக் புக்கைப் புரட்டினார்கள். சூடு பிசகவில்லையே, அப்படியானால் உப்பில்தான் மாசு என்று முடிவுக்கு வந்தார்கள். அவள் உப்பைத் திரும்பத் திரும்பக் கரைத்து, வடிகட்டி, மறுபடிகமாக்கிச் சுத்தம் செய்தாள். புது உப்புக்கு ஆர்டர் போட்டுக் காத்திருந்தாள். மாதக்கணக்கில் வீணான காலம் அது. எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? வேலை போகும் என்ற பயம் பாதிகூட இல்லை. அண்ணாச்சி லாக் புக் அச்சடிச்ச மாதிரி இருக்கும் என்று எல்லோரிடமும் கைடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை விட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். உண்மையில் அந்த அழகுதான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பார்த்து எழுதிய வாசிப்பு 40.1 என்றும் 39.9 என்றும் கொஞ்சம் ஆடும். நான் தூங்கிய இரவுகளில் ஒரு புள்ளிகூட ஆடவில்லை.

பார்த்து எழுதியவர்களை நினைத்தால் எனக்கு ஒரு மலை ஞாபகம் வருகிறது. தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலையின் உச்சியில், 1850களில், திருவிதாங்கூர் அரசின் நோக்ககத்தை நடத்திய ஜான் ஆலன் புரோன் புவிக்காந்தத்தை அளக்க ஒரு நிலையம் அமைத்தார். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவது அவருக்கு முக்கியம். மலையின் உயரம் 1,868 மீட்டர். அந்த மழையிலும் காற்றிலும் கருவிகளைப் பார்த்துக் குறித்தார்கள் அவருடைய உதவியாளர்கள். அவர்களில் ஒருவர்கூடத் தூங்கியதில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் உதவியாளர் ஜாதியை எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் தெர்மாமீட்டருக்கும் நடுவே இருந்தது ஒரு கதவு மட்டும்.

அவள் பட்டம் வாங்கிவிட்டாள். ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயரும் இருக்கிறது, “அயராத உதவிக்காக” என்று. ஒரு பிரதி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

பழைய லாக் புக்குகள் அங்கே பீரோவில் இருக்கும். எது பார்த்து எழுதியது, எது பாராமல் எழுதியது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்ல வராது. அதனால் யாராவது அவற்றை எடுத்தால், இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் என் கையெழுத்தில் இருக்கும் எந்த எண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.