இளைப்பாறுதல்

சோழகம் எழும்பிவிட்டால் பேசாலைக் கடற்கரை மணல் கணுக்காலில் ஊசியாய்க் குத்தும். அந்தக் காற்றில்தான் எங்கள் பந்தடி. எனக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா. ஐந்து நிமிடம் ஓடினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கும். "வருத்தக்காரப் பிள்ளை, கரையில இரு" என்பார்கள். மற்றவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ பின்னேரங்கள் இருந்திருக்கிறேன்.

அப்படி இருந்த ஒரு நாளில்தான் அப்பப்பா பக்கத்தில் வந்து குந்தி, தன் தகப்பனிடம் கேட்ட சிலாவத்துறை முத்துக்குளிப்பைச் சொன்னார். ஒரு வள்ளத்தில் பத்துக் குளியாள்கள், ஆனால் கல் ஐந்துதான். கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி, மூக்கைப் பிடித்தபடி ஐந்தாறு பாகம் இறங்குவார்கள். ஒரு நிமிடம் போலத்தான் மூச்சு நிற்கும். கயிற்றைச் சுண்டியதும் மேலே நிற்பவர் இழுத்தெடுப்பார். ஐவர் இறங்கும்போது மற்ற ஐவர் இளைப்பாறுவார்கள்.

இளைப்பாறுதல். அந்தச் சொல்லுக்குள்ளேயே இளைப்பு இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மூச்சை நம்பிப் பிழைத்தவர்கள் அதை ஆறவிடுவதையும் தொழிலாகவே வைத்திருந்தார்கள். இளைப்பு வருமென்று யாரையும் கரையில் இருத்தவில்லை.

பிறகு ஒரு டொக்டர் விளக்கினார். ஓடும்போது வாயால் வேகமாக இழுக்கும் காற்று சுவாசக் குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, குழாய் சுருங்கிக்கொள்கிறது. அதனால், அவர் சொன்னபடி, விளையாட்டுக்குக் கால் மணி நேரம் முன் நீல இன்ஹேலர். அதற்குப் பிறகு பத்து நிமிடமாவது மெல்லோட்டம். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, சுகமாய் இருக்கிறதென்று விடக் கூடாது. புழுதி பறக்கும் நாளிலும் சளி பிடித்த நாளிலும் ஓட்டமில்லை. பூனைக்குட்டி கத்தினால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து இருந்து நீல இன்ஹேலரை இழுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு வந்த அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இதே வருத்தம். அவர்கள் 41 பதக்கம் வென்றார்கள். அந்தக் கணக்கை அறிந்த அன்று மடியில் கிடந்த சட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

உங்கள் பிள்ளைக்கு முட்டு இருந்தால் விளையாட அனுப்புங்கள். ஆனால் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். நீல இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று மைதானத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். இன்று பின்னேரமே சொல்லி வையுங்கள்.