தனியாகப் போக ஒரு தீவு

தஞ்சாவூர்ப் பெண் தனியாகப் போய்வர ஏற்ற தீவு ஸ்ரீரங்கம்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது.
இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

திருச்சிக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.
அங்கிருந்து டவுன் பஸ்.
சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.
தனிப் பயணத்துக்கு எப்போதும் இரண்டு தடைகள்: காசு, ‘எதுக்குத் தனியா?’ என்ற கேள்வி.
முதலாவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. நல்ல விஷயம்.

ரங்கநாதர் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள்.
வெளிச்சுற்றுகளில் வீடுகள், பூக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள்.
உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். தனியாக நடப்பவருக்கு அதுவே பெரிய தைரியம்.
பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற தெற்கு ராஜகோபுரம் 1987-இல்தான் முழுமையடைந்தது.
உயரம் 236 அடி.

விடிகாலையில் கிளம்பினால் இருட்டுமுன் தஞ்சை திரும்பலாம்.
துணைக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், தோழிகளே.