குண்டர் என்பது யார்?

ஒரு கொடுமையான குற்றச் செய்தி வந்தால் போதும், "அவனைக் குண்டாஸில் போடுங்கள்" என்று குண்டர் சட்டத்தைக் கேட்கிறோம். அந்தச் சொல்லின் கனத்தை நாம் உணர வேண்டும்.

குண்டருக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பில்லை. அடிதடி, மிரட்டல் என்று திரிபவனைக் குறிக்கும் 'குண்டா' என்ற வடஇந்தியச் சொல்தான் இங்கே குண்டர் ஆனது. 1923இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்தில் இப்பெயரிலேயே சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டின் சட்டம் 1982இல் வந்தது. அதில் கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, நில ஆக்கிரமிப்பாளர் எனப் பலர் உண்டு. குண்டர் அவர்களில் ஒரு பிரிவு மட்டுமே. பின்னர் 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்பவரும், 2014இல் இணையக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். பேச்சு வழக்கில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: குண்டாஸ்.

இது தண்டனைச் சட்டம் அல்ல, தடுப்புக் காவல் சட்டம். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லும் முன்பே, மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையரின் உத்தரவில் ஒருவரை 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அறிவுரைக் கழகம் அதை ஆராயும். ஆனால் அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கிடையாது. இத்தகைய உத்தரவுகள் பலவற்றை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

ரவுடித்தனத்தை நான் வெறுக்கிறேன். அதற்கு விரைவான விசாரணையும் உறுதியான தண்டனையும் கேளுங்கள். விசாரணையில்லாச் சிறையைக் கேட்காதீர்கள், நண்பர்களே.